இரண்டாவது ஓட்டம்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். ராவியத் டீச்சருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து, கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பார். கீழேயிருந்து சால்னா வாசனை ஏறி வருகிற அறையில் பசியை அடக்கிக்கொண்டு படிப்பதே ஒரு தவம்தான்.

சீடர் ஆசீர்வாதம் குருவைவிட ஒரு தலைமுறை மூத்தவர். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பேனா படாமல் எந்தக் கடிதமும் மேலிடத்துக்குப் போனதில்லை. ஓய்வுக்குப் பிறகும் கை அடங்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் எங்கே பிழை என்று பார்ப்பார். சர்ச்சில் சபை ஐயர்கூட பிரசங்கம் முடித்து இறங்கியதும் முதலில் இவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

அப்படிப்பட்டவருக்கு, நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே ஒரு வரிக் கட்டளையால் திருத்திவிடலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கரும்பு தின்னக் கூலியா என்று வந்து சேர்ந்தார்.

முதல் நாளே கேட்டார்.

"டீச்சர், கோப்பை அது இருக்கிற இடத்துலயே வச்சுத் திருத்த இந்த பெர்ல் மொழியில ஒரு வழி இருக்காமே?"

"இருக்கு அண்ணாச்சி."

"அத மொதல்ல சொல்லிக் குடுங்க."

"மொதல்ல இந்தக் கோப்பத் திறந்து வாசிங்க."

"வாசிச்சு?"

"வாசிச்சு முடிச்சுட்டுச் சொல்லுங்க."

ஆசீர்வாதம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, முடித்துவிட்டேன் என்றார். டீச்சர் சிரித்தார்.

அதன்பிறகும் பல நாள் அவரை எந்தக் கோப்பிலும் கைவைக்க விடவில்லை. கட்டளை கொடுக்கலாம், மாற்றம் திரையில் மட்டும் தெரியும், கோப்பு அப்படியே கிடக்கும். ஆசீர்வாதத்துக்கு இது சாப்பாட்டை இலையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டி வைத்ததுபோல இருந்தது.

கடைசியில் ஒரு நாள் அந்த வழியையும் சொல்லிக்கொடுத்தார். அதிலும் ஒரு பாதுகாப்பு வைத்தார். கணினி முதலில் பழைய கோப்பை ஒரு வால் சேர்த்த பெயரில் ஒதுக்கி வைக்கும். பிறகு பழைய பெயரில் புதிய கோப்பை எழுதும். எழுதியது கெட்டுப்போனால், ஒதுக்கி வைத்ததை எடுத்துக்கொள்ளலாம்.

"அப்ப பயமே இல்ல" என்றார் ஆசீர்வாதம்.

"பயம் கொஞ்சம் இருக்கட்டும் அண்ணாச்சி."

டீச்சரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வகுப்பில் யார் தவறு செய்தாலும், "கையை எடுங்க. கீழ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். உடனே சரி செய்கிறேன் என்று யாராவது விசைப்பலகையைத் தொட்டால் முகம் மாறிவிடும். ஏன் என்று ஆசீர்வாதம் கேட்டதற்கு, "கீழ டீ நல்லாருக்கும்" என்று மட்டும் சொன்னார். டீக்கடைக்காரர் டீச்சருக்கு ஏதோ வேண்டியவர்போல என்று ஆசீர்வாதம் நினைத்துக்கொண்டார்.

ஆசீர்வாதத்துக்கு ஒரே மகள், ஜெமிமா. தூத்துக்குடியில் தங்கி ஆராய்ச்சி செய்கிறாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அறைக்குத் திரும்பியதும் மறக்காமல் தட்டச்சு செய்து வைப்பாள். பேச்சைப் பதிவு செய்ய அந்தப் பெண்கள் சம்மதிக்கவில்லை. யார் காதிலாவது விழுந்தால் வேலை போய்விடும் என்ற பயம். ஆக, அவள் எழுதியது ஒன்றுதான் சாட்சி.

"உப்பளத்துல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு?" என்று ஆசீர்வாதம் ஆரம்பத்திலேயே ஒரு திருத்தம் போட்டார். அப்போதிலிருந்து அப்பாவும் மகளும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்ற அளவில் பேசிக்கொண்டார்கள்.

இது அன்றைக்கு ஆரம்பித்ததும் அல்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் ஏதாவது கதை சொல்ல ஆரம்பிப்பாள். இரண்டாவது வாக்கியத்திலேயே, "அப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்லு" என்பார். "சரிப்பா" என்று திருத்திச் சொல்லுவாள். அடுத்த வாக்கியத்துக்கு இன்னொரு திருத்தம், இன்னொரு சரிப்பா. ஒரு கட்டத்தில் கதை சொல்வதையே விட்டுவிட்டாள். பிள்ளை இப்போது பிழையில்லாமல் பேசுகிறாள் என்று இவர் சந்தோஷப்பட்டதுதான் கொடுமை.

அந்த ஜெமிமா, போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். உப்புக் காற்றில் அவள் லேப்டாப் செத்துப்போயிருந்தது. கடைக்காரன் அதிலிருந்து எடுத்துக் கொடுத்த எல்லாம் ஒரு பென்டிரைவில் இருந்தன, வேறு நகல் இல்லை.

"எப்பா, இதுல அந்த அக்காமாரு பேரெல்லாம் அப்படியே இருக்கு. எங்க கைடுகிட்ட குடுக்கதுக்கு முன்னாடி பேர மட்டும் மாத்தணும். நீங்கதான் ஏதோ படிக்கீங்களே, செய்ய முடியுமா?"

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மகள் அவரிடம் ஒன்று கேட்டிருந்தாள். எந்தப் பெயருக்கு எந்தப் பெயர் என்பதையும் தனியாக எழுதிக் கொடுத்தாள். ஆசீர்வாதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்க, "பென்டிரைவை இப்படித் திறந்து போட்டு வைக்கக்கூடாது, மூடியைப் போடு" என்றார்.

"சரிப்பா" என்றாள்.

மறுநாள் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து மத்தியானம், வேட்டியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தார். கோப்புகளைத் தன் கணினிக்கு நகலெடுக்கவில்லை. வால் பெயரில் ஒதுக்கி வைக்கத்தான் கட்டளையிலேயே சொல்கிறோமே என்று பென்டிரைவின் மேலேயே ஓட்டினார். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

ஒன்றைத் திறந்தார். காலி. அடுத்ததும் காலி. எல்லாமே காலி.

கோப்பை வாசிக்கச் சொன்னார், பெயரை மாற்றச் சொன்னார், மாற்றியதைத் திரும்ப எழுதச் சொல்ல மறந்துவிட்டார். சொன்னதை மட்டும் செய்வது கணினியின் குணம்.

அந்த நேரத்தில்கூட எதுவும் போய்விடவில்லை. நல்ல கோப்புகள் எல்லாம் வால் பெயரோடு பக்கத்திலேயே பத்திரமாக இருந்தன. ஆனால் உள்ளே ஜெமிமா அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. வந்து பார்த்துவிடுவாளோ என்று ஆசீர்வாதம் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தப்பு எங்கே என்றுதான் தெரிந்துவிட்டதே. கட்டளையைத் திருத்தினார், உடனே மறுபடியும் ஓட்டினார்.

கணினி மறுபடியும் முறைப்படி வேலை செய்தது. அப்போது இருந்த கோப்பை, அதாவது காலிக் கோப்பை, அதே வால் பெயரில் ஒதுக்கி வைத்தது. அங்கே இருந்த நல்ல கோப்பின் மேலேயே வைத்தது.

திங்கட்கிழமை காலை, டீச்சர் வந்து பூட்டைத் திறக்கும்போது ஆசீர்வாதம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் போயிட்டு டீச்சர்."

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மொதத் தடவ காலியா இருக்குன்னு தெரிஞ்சதும் டீ குடிச்சீகளா?"

"இல்ல டீச்சர்."

"ம்."

"அதுக்கப்புறம் அழிஞ்சத மீட்டு எடுக்க ஏதேதோ நிரல் இருக்குன்னு சொன்னாங்க. அதையும் இறக்கிப் பாத்தேன்."

"எங்க இறக்குனீக?"

ஆசீர்வாதம் பென்டிரைவைக் காட்டினார். மீட்பு நிரல்களையும் அழிந்த கோப்புகள் கிடந்த இடத்தின் மேலேயே இறக்கி வைத்திருந்தார். டீச்சர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"மகட்ட சொல்லிட்டீகளா?"

"நேத்து சாயங்காலமே சொல்லிட்டேன். திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

"என்ன சொன்னா?"

"சரிப்பான்னா. பையத் தூக்கிட்டு தூத்துக்குடி பஸ்ஸுக்குப் போயிட்டா."

சொல்லும்போதே ஆசீர்வாதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அறுபது வயதில், சால்னா வாசனைக்கு நடுவே, தன்னைவிடச் சின்ன ஒரு பெண்ணின் முன் அழுவது அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுதார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, பென்டிரைவைத் தன் கணினியில் செருகினார்.

நெடுநேரம் தேடினார். மதிய வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களை நாளை வரச் சொல்லி அனுப்பினார். கீழே பரோட்டாக் கல்லில் கரண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது, "வாங்க அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்.

"கெடச்சிட்டா?"

"துண்டு துண்டாக் கொஞ்சம். முழுசா ஒண்ணும் இல்ல. எந்தத் துண்டு எந்தக் கோப்புன்னு நீங்கதான் சொல்லணும்."

திரையில் பாதி வரிகளும் இடையிடையே குப்பைக் குறிகளும் கிடந்தன. டீச்சர் ஒன்றை வாசித்தார்.

"'பாத்தியில எறங்குனா காலு எரியும், ஏறுனா கண்ணு எரியும். எரியாத நாளு ஞாயித்துக்கெழம ஒண்ணுதான்.' இது யாரு சொன்னது அண்ணாச்சி?"

ஞாயித்துக்கெழம என்ற சொல்லைப் பார்த்ததும் ஆசீர்வாதத்தின் விரல் பழக்க தோஷத்தில் விசைப்பலகைக்குப் போனது. பாதி வழியில் அவரே அதைப் பார்த்துவிட்டார். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியல டீச்சர்."

"இதுக்கு அடுத்தாப்ல என்ன வரும்?"

"தெரியல."

"வேற ஏதாவது ஒரு வரி? கோப்புல பாத்தது, லேசா ஞாபகம் இருந்தாலும் போதும். அத வச்சுத் தேடிப் பாப்போம்."

ஆசீர்வாதம் தரையைப் பார்த்தார்.

"பேரெல்லாம் அவளே தனியா எழுதிக் குடுத்துட்டா டீச்சர். அதனால திறந்து பாக்க வேண்டிய அவசியம் வரல."

டீச்சர் அடுத்த துண்டுக்குப் போனார். ஒரு கிழவி கருப்பட்டிக் காப்பி கொடுத்தது இருந்தது. ஒருத்தி தன் பிள்ளை முழுப்பரீட்சை எழுதிய கதையை ஆரம்பித்திருந்தாள். பாஸானதா என்று தெரியவில்லை. ஆசீர்வாதம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். மகள் யாரோடு உட்கார்ந்திருந்தாள், என்ன குடித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். நன்றாக எழுதியிருந்தாள். அவர்கள் பேசுவது அப்படியே காதில் விழுந்தது. இதையா உப்பளத்தில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

கடைசித் துண்டில் இரண்டே வரி இருந்தது.

"உங்கப்பா என்ன வேல பாக்காவ தாயி?"

"ரிட்டையர் ஆயிட்டாங்கக்கா. எங்கப்பா வந்து"

அதற்குப் பிறகு வெறும் குப்பைக் குறிகள்.

ஆசீர்வாதம் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"மிச்சம் எங்க டீச்சர்?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி. தேடிட்டேன்."

"எங்கப்பா வந்துன்னா, என்ன சொல்லியிருப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நல்ல விதமாச் சொல்லியிருப்பாளா, இல்ல..."

ஆசீர்வாதம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகளின் எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டார்.

"இப்பவே அவட்ட கேட்டுருதேன். கேட்டா சொல்லுவாளா டீச்சர்?"

ராவியத் டீச்சர் பென்டிரைவைக் கழற்றி, மூடியைப் போட்டு, அவர் முன்னால் வைத்தார்.

"அவ சொல்லி முடிக்கது வரைக்கும், நடுவுல திருத்தாம கேட்டுக்கிட்டு இருப்பீகளா அண்ணாச்சி?"

ஆசீர்வாதம் போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, கீழே டீ குடிக்கப் போனார்.