மூன்றாம் பெட்டியின் வாசல்

நீராவி இன்ஜின் பூட்டிய ஸ்பெஷல் வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், நாங்கள் ஆறு பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். ரயிலைப் படம் பிடிக்க இவ்வளவு பெட்ரோலா என்று வீட்டில் ஏசுவார்கள். நியாயம்தான். ஆனாலும் போவோம். ஜீப் என்னுடையது. ஆகவே ஓட்டுவதும் நான்தான், மற்றவர்கள் வீட்டு ஏச்சையும் சேர்த்து வாங்குவதும் நான்தான்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு குரு உண்டு. பெயர் சலோமி. தென்காசியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. எந்த வளைவில் எப்போது வெயில் விழும், எந்த ஏற்றத்தில் வண்டி புகையைக் கக்கும் என்று அவருக்கு அத்துப்படி. முதலில் கிண்டலுக்குத்தான் குரு என்று கூப்பிட்டோம். பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

சிஷ்யர் சபாபதி. விருதுநகரில் பெயிண்ட் கடை. குருவைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், பேரன் எடுத்தவர். இருந்தாலும் குரு என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கேமரா விலையை மட்டும் வீட்டில் சொல்ல மாட்டார்.

சபாபதிக்கு ஒரே கொள்கை. படம் சுத்தமாக இருக்க வேண்டும். கரண்ட் கம்பி, குப்பைத் தொட்டி, குறுக்கே வந்தவன் தலை, எதுவும் விழக் கூடாது. விழுந்தால் வீட்டுக்குப் போன கையோடு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எடுத்துவிடுவார். எடுத்த இடம் தெரியாது. அவ்வளவு கைத்திறமை. ஒரு வண்டிக்கு ஒரு படம்தான் வைத்துக்கொள்வார். மற்றதையெல்லாம், கேமராவில் முதலில் பதிந்ததையும் சேர்த்து, அழித்துவிடுவார்.

"குப்பையை யாராவது வீட்டுல சேத்து வைப்பாங்களாய்யா?" என்பார்.

குரு எதையும் அழிக்க மாட்டார். மங்கினது, கோணினது, பாதி வண்டி விழுந்தது, எல்லாம் அவரிடம் இருக்கும்.

ஒருநாள் தண்டவாளத்து ஓரமாகச் சரக்கு வண்டிக்குக் காத்திருந்தோம். சபாபதி கேட்டார்.

"குரு, நல்ல படம்னா என்ன?"

வண்டி வந்தது. குரு கேமராவைத் தொடவே இல்லை. கடைசிப் பெட்டியில் கார்டு நின்றிருந்தார். குரு அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். கார்டும் சிரித்துக்கொண்டே பச்சைக் கொடியை ஆட்டினார். வண்டி போய்விட்டது.

"பதில் சொல்லலையே, குரு."

"சொன்னேனே, சார்."

சபாபதி என்னைப் பார்த்தார். நான் ஜீப்பைக் கிளப்பினேன். இந்த இரண்டு பேர் நடுவில் நான் மூக்கை நுழைப்பதில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் ஸ்பெஷல் வந்தது. பழைய நீராவி இன்ஜினைத் துடைத்துப் பூசி, ஐந்து பெட்டி கோத்து, ஆலங்கிணறு ஸ்டேஷனில் இருந்து மலைக் கணவாய் வரை ஒரே ஒரு நாள் ஓட்டினார்கள். காலை ஒன்பது மணிக்குப் புறப்பாடு. யார் வேண்டுமானாலும் ஏறலாம். சுற்றுவட்டாரமே ஏறியது.

வண்டி கிளம்பியதும் நாங்களும் கிளம்பினோம். மலையேறும்போது வண்டி மூச்சு வாங்கும், அதற்குள் ரோட்டு வழியாக முந்திவிடலாம். வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கிறது. ஒருவர்தான் நிற்கலாம். அங்கே நின்றால் இன்ஜினும் ஐந்து பெட்டியும் வளைந்து வருவது முழுசாக விழும். கீழே ஆற்றில் நின்றால் இன்ஜின் மட்டும்தான். பாறையைக் கண்டுபிடித்தது குரு. அது அவர் இடம். யாரும் கேட்டதில்லை.

சபாபதி கேட்டார்.

"குரு, மூணு வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருக்கேன். இந்த ஒரு தடவை மட்டும்."

குரு ஏறின பாறையில் இருந்து இறங்கினார்.

"நின்னுக்கோங்க, சார்."

குரு பின்னால் ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கிருந்து புகைதான் தெரியும். மற்ற மூன்று பேரும் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். நான் ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கூவென்று ஊதிக்கொண்டு வண்டி வந்தது, போனது.

அடுத்து நின்றது டீக்கடையில். சபாபதி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நாசமாப் போறவன், கெடுத்துட்டான் பாருங்க! மத்ததெல்லாம் புகையில போச்சு. தேறினது இது ஒண்ணு. இதுலயும் இவன்!"

கேமராவின் சின்னத் திரையில் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். இன்ஜின் அழகாக வந்திருந்தது. புகை, பாலம், வளைவு, எல்லாம் அழகு. மூன்றாம் பெட்டி வாசலில் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து மஞ்சள் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். அந்தத் திரையில் அவன் தலை எள்ளளவுதான்.

"அந்த ஆள் இருக்கட்டுமே, சார்," என்றார் குரு.

"இருந்தா படம் போச்சே, குரு."

"உங்களைப் பாத்துத்தான ஆட்டுறான்."

"என்னை யாரு பாக்கச் சொன்னா அவனை?"

எல்லாரும் சிரித்தோம். குரு டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தார்.

சபாபதி தன் வழக்கப்படியே செய்தார். மறுநாள் படம் எங்கள் குழுவில் வந்தபோது மூன்றாம் பெட்டி வாசல் காலியாக இருந்தது. ஆளும் இல்லை, துண்டும் இல்லை. துண்டு மறைத்திருந்த ஜன்னல் கம்பியைக்கூட வரைந்து சேர்த்திருந்தார், மனுஷன். படம் ஊரெல்லாம் சுற்றியது. யார் யாரோ போனில் அனுப்பிக்கொண்டார்கள். சபாபதியைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். அவர் அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

எல்லாரும் பாராட்டியாயிற்று. குரு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபாபதியால் அதைத் தாங்க முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"குரு, படம் எப்படி இருக்கு?"

"பாத்தேன், சார்."

"எப்படின்னு சொல்லுங்க."

"பாத்தேன்."

அதற்குமேல் பெயராது. சிறுபிள்ளை மாதிரி முகம் சுருங்கிவிடுவார் சபாபதி. எனக்கே பாவமாக இருக்கும்.

பொங்கல் கழிந்தது. குரு துணி எடுக்க விருதுநகர் போக வேண்டும் என்றார். என் ஜீப்பில்தான் போனோம். வழியில் சபாபதி கடையில் இறங்கி உட்கார்ந்திருந்தோம். இரண்டு பெண்கள் வந்தார்கள். அம்மாவும் மகளும். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் மாதிரி தெரியவில்லை. அம்மா செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள்.

"ரயில் படம் எடுத்த சார் நீங்கதானாய்யா?"

"ஆமாம்மா. வாங்க, உக்காருங்க." சபாபதிக்கு வாயெல்லாம் பல். "அங்க பாருங்க, மாட்டியிருக்கேன்."

அம்மா உட்காரவில்லை. நேரே படத்துக்குப் போய்விட்டாள். மகள்தான் சொன்னாள். அவர்களுக்கு ஆலங்கிணறு. அம்மா பெயர் பொன்னுத்தாய். தன் பெயர் மாரிச்செல்வி. தம்பி இசக்கிராஜா வீட்டில் சண்டை போட்டுவிட்டு ராத்திரியில் வெளியே போனான். விடியக்காலையில் குளத்து மதகு மேல் அவன் செருப்பும் போனும் கிடந்தன. தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அன்னைக்குத்தான் சார் ஸ்பெஷல் போச்சு," என்றாள்.

பொன்னுத்தாய் திரும்பினாள்.

"அவன் கூட்டாளி ஒருத்தன் இருக்கான்யா. அன்னைக்குச் சாயந்திரமே திருப்பூர் வேலைக்குப் போயிட்டான். இப்பப் பொங்கலுக்கு வந்தவன் சொல்லுதான், இசக்கி அந்த வண்டியில ஏறிப் போனான், மூணாம் பெட்டி வாசல்ல நின்னான், நான் என் கண்ணால பாத்தேன்னு. அவன் குடிகாரப் பய. அவன் பேச்சை ஊருல ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ. ஒம்போது மணி வண்டியில எம்மவன் இருந்தான்னா, அவன் கொளத்துல விழலதான? எங்கயோ உசுரோட இருக்கான்தான?"

"சித்தப்பா வெள்ளிக்கிழமை காரியம் வச்சிருக்காங்க," என்றாள் மகள். "அம்மா ஒத்துக்க மாட்டேங்காங்க. போன்ல படத்தைக் காட்டினேன். பெருசாப் பாக்கணும்னு நிக்காங்க."

சபாபதி வாயில் இருந்த சிரிப்பு எப்போது போனதென்று நான் பார்க்கவில்லை. குரு நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

பொன்னுத்தாய் விரலை வைத்து எண்ணினாள். இன்ஜின். ஒண்ணு. ரெண்டு. மூணு. மூன்றாம் பெட்டி வாசலில் விரல் நின்றது. கண்ணாடி மேல் முகத்தை வைத்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"ஏட்டி, யாரும் இல்லையே."

மகளும் கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லையே, தாயி. குடிகாரப் பய பேச்சை நம்பிட்டு வந்தேனே."

சபாபதி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, இருந்தாரும்மா."

"என்னய்யா?"

"அந்த வாசல்ல ஒரு ஆள் இருந்தாரு. மஞ்சத் துண்டை ஆட்டினாரு. நான்தான் அழிச்சுட்டேன்."

"அழிச்சீங்களா? எதுக்குய்யா அழிச்சீங்க?"

படத்துக்காக என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

"எம்மவனாய்யா? மூஞ்சி எப்படி இருந்துச்சு? முடி சுருட்டையா இருந்துச்சா?"

"பாக்கலம்மா."

"சட்டை? நீலச் சட்டை போட்டிருந்தான்."

"நான்... துண்டைத்தாம்மா பாத்தேன். அதுதான் கண்ணை உறுத்துச்சு."

"அந்தப் பழைய படத்தைக் குடுங்கய்யா. கால்ல விழுதேன்."

"இல்லம்மா. அதையும் அழிச்சுட்டேன்."

குரு பக்கத்தில் போய் அவள் தோளைத் தொட்டார்.

"நானும் பாத்தேம்மா. ஒரு ஆள் இருந்தது நெசம்."

"மூஞ்சியைப் பாத்தியாம்மா?"

குரு தலையை ஆட்டினார். இல்லை என்று. நானும் அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்தவன்தான். எனக்கும் முகம் ஞாபகம் இல்லை. இன்ஜின் நம்பரை இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பொன்னுத்தாய் மறுபடி படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சபாபதியிடம் வந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு நல்ல மனசுய்யா. எனக்கு நோகக் கூடாதுன்னு சொல்லுதீய."

"அம்மா, சத்தியமா இருந்தாரு!"

"சன்னல் கம்பி தெரியுது. பாலத்துல மொளைச்ச செடியில எலை தெரியுது. ஆள் இருந்தா தெரியாமலாய்யா போவும்?"

"நான் அழிச்சேம்மா! நம்புங்கம்மா!"

"ஒரு ஆளை எப்படிய்யா தடமே இல்லாம அழிக்க முடியும்?"

சபாபதி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மாரிச்செல்வி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா. போற எடமெல்லாம் எல்லாரும் நமக்குச் சமாதானம்தான் சொல்லுவாங்க."

வாசலில் பொன்னுத்தாய் செருப்பை மாட்டிக்கொண்டாள். மகளிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"சித்தப்பாகிட்டச் சொல்லிரு. வெள்ளிக்கிழமையே வச்சுக்கிடட்டும்."

சபாபதி பின்னாலேயே ரோடு வரை ஓடினார். என்னென்னவோ சொன்னார். அவள் நின்று, அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். பஸ் வந்தது. ஏறினார்கள்.

அவர் திரும்பி வந்தபோது குரு படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியில் பொன்னுத்தாயின் விரல் தடம் அப்படியே இருந்தது.

"ஏதாவது சொல்லுங்க, குரு," என்றார் சபாபதி. "திட்டியாவது விடுங்க."

குரு மூன்றாம் பெட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, சார், படம் எப்படி இருக்குன்னு."

சபாபதி தலையை நிமிர்த்தினார்.

"சுத்தமா இருக்கு, சார்."