கட்டைவிரல் பட்டால் திறக்கும் கவர்

"சாமி, எனக்கு எப்போ தகுதி வரும்?" என்று தில்லைநாயகம் கேட்டார்.

எதற்கான தகுதி என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அன்றைக்குச் சொக்கநாத அடிகள் மடத்தின் தலைமையை விட்டு இறங்குகிறார். அது எல்லோருக்கும் தெரியும்.

அடிகள் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"சிவகாசியில நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"கல்யாணப் பத்திரிகைக்குக் கவர் செய்யற வேலை, சாமி. முப்பத்திரண்டு வருஷம்."

"லேசா திறக்கிற மாதிரி ஒரு கவர் செஞ்சு கொடுங்க."

தில்லைநாயகம் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார். அடிகள் செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த கொடிக்குப் போய்விட்டார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவராக இருப்பவர் பன்னிரண்டு ஆண்டுகள் இருப்பார். பிறகு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்துவிடுவார். போவதற்கு முன் அடுத்தவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கவரில் வைப்பார். கவரைச் சபையில் திறப்பார்கள்.

முன்பிருந்த அடிகள் யாரையும் நம்பாதவர். பதவிக்கு வந்த முதல் வருடமே பெயரை எழுதிக் கவரில் போட்டுப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினார். அதன் மேல் அரக்கு வைத்தார். அதோடு விடவில்லை. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒரு பூச்சு பசை, ஒரு பூச்சு அரக்கு. பன்னிரண்டாம் வருடம் அது கவர் மாதிரி இல்லை, பலகை மாதிரி இருந்தது.

சபையில் முதலில் கையால் முயன்றார்கள். பிறகு பாக்குவெட்டி வந்தது. பிறகு அரிவாள்மனை. கடைசியில் இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டினார்கள். கவர் திறந்தது. ஆனால் பசை ஊறிச் சீட்டின் முன்பாதி கவரோடு போயிருந்தது. மிச்சம் இருந்தது 'நாதன்' என்ற பகுதி மட்டும். எழுதியவரைக் கேட்கலாம் என்றால் அவர் அதற்குள் வடக்கே போய்விட்டிருந்தார்.

மடத்தில் அப்போது மூன்று நாதன்கள் இருந்தார்கள்.

வழக்கு பதினோரு வருடம் நடந்தது. வைத்தியநாதன் ஒரு பக்கம், விசுவநாதன் ஒரு பக்கம். மூன்றாவது நாதன் எதுவும் கேட்கவில்லை. வயதில் சிறியவர் என்பதால் இரண்டு பேருடைய வழக்குக் கட்டுகளையும் அவர்தான் நீதிமன்றத்துக்குச் சுமந்துகொண்டு போனார். பதினோராம் வருடம் நீதிபதி, இந்தத் தம்பி யார் என்று விசாரித்தார். பெயரைச் சொன்னார்கள். தீர்ப்பு அடுத்த வாரமே வந்தது. அப்படித்தான் சொக்கநாதன், சொக்கநாத அடிகள் ஆனார்.

விசுவநாதன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வைத்தியநாதன் மடத்துக்கு எதிரிலேயே வாடகைக்கு வீடு பிடித்து உட்கார்ந்தார். அடுத்த கவர் திறக்கும் நாளுக்காகப் பன்னிரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். வக்கீலையும் மாற்றவில்லை.

ஆகவே கவர் சின்ன விஷயம் இல்லை.

தில்லைநாயகம் பத்து நாளில் முதல் கவரைக் கொண்டுவந்தார். மேல் மடிப்புக்குள் ஒரு பட்டு நூல் ஓடியது. நுனி வெளியே தொங்கியது. இழுத்தால் கவர் நேர்கோட்டில் பிரியும். அடிகள் அதைப் பலகையில் வைத்துவிட்டுப் பூஜைக்குப் போனார். திரும்பி வந்தபோது மடத்துப் பூனை நூலோடு விளையாடிக்கொண்டிருந்தது. கவர் அழகாக, நேர்கோட்டில் பிரிந்திருந்தது.

"நல்லா திறக்குது," என்றார் அடிகள்.

இரண்டாவது கவரின் ஓரத்தில் தபால்தலைக்கு இருப்பதுபோல வரிசையாகப் பொடித் துளைகள். சமையல்காரர் அம்மாசி அதை ஒரு முனையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். முனை அவர் கையோடு வந்துவிட்டது. தில்லைநாயகம் அவரைப் பார்த்த பார்வையில் பழைய கோபமும் கலந்திருந்தது. அம்மாசியின் சாம்பாரில் எப்போதும் ஒரு கல் உப்பு கூடுதல். தலைவரானால் முதல் வேலை சமையலுக்கு வேறு ஆள் வைப்பது என்று தில்லைநாயகம் ஆறு வருடத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தார்.

மூன்றாவது கவரில் பசையே இல்லை. மேல் மடிப்பு ஒரு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு அரைவட்டமாக ஒரு வெட்டு. அங்கே அழுத்தினால் திறக்கும். மறுபடி அழுத்தினால் மூடும்.

பூனையிடம் வைத்துப் பார்த்தார்கள். பூனைக்குக் கட்டைவிரல் இல்லை. பேசாமல் போய்விட்டது.

"நூறு தடவை திறந்து மூடினாலும் ஒரு தடம் இருக்காது, சாமி," என்றார் தில்லைநாயகம்.

"தடமே இருக்காதா?"

"இருக்காது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது."

அடிகள் கவரை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரையும் பார்த்தார்.

"இதுதான் வேணும்."

தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் இருக்கும்போது அடிகள் சீட்டோடு தன் அறைக்குள் போனார். வெளியே வந்து, கவரைக் கூடத்து விளக்கு மாடத்தில் வைத்தார். பூட்டு இல்லை. காவல் இல்லை. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணமும் தீப்பெட்டியும்.

தில்லைநாயகம் எட்டு நாள் தாக்குப்பிடித்தார். எட்டு நாளும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார். ஒன்பதாம் நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். இருந்தது. அப்படியே கட்டைவிரலால் அழுத்தினார்.

சீட்டில் பெயர் இல்லை.

திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் இல்லை. ஒரு மூலையில் மட்டும் மங்கலாக ஒரு மஞ்சள் புள்ளி. வேறொன்றும் இல்லை.

கவரை மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் ஏமாற்றமாக இருந்தது. மெல்ல அது மகிழ்ச்சியாக மாறியது. அடிகள் இன்னும் முடிவு செய்யவில்லை. இன்னும் முப்பத்தொன்பது நாள் இருக்கிறது.

மறுநாள் விடியும் முன்பே தில்லைநாயகம் துடைப்பத்தோடு முற்றத்துக்கு வந்தார். அங்கே பூமாலை கட்டும் சிவக்கொழுந்து ஏற்கெனவே பெருக்கிக்கொண்டிருந்தார். ஏழு மணிக்கு முன் சிவக்கொழுந்து கண்விழித்து யாரும் பார்த்தது கிடையாது. இருவரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த மடம் இருந்த சுத்தம் எந்தக் கும்பாபிஷேகத்துக்கும் இருந்ததில்லை. பசுக்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்தன. குளத்துப் பாசி போயிற்று. அடிகள் சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது என்று தில்லைநாயகமும் சிவக்கொழுந்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பணிவாக இழுத்ததில் தட்டு வளைந்துவிட்டது. முப்பதாம் நாள் எதிர்வீட்டு வைத்தியநாதன் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தெருவைக் கடந்து சாமி கும்பிட வந்தார். விளக்கு மாடத்துக்கு முன்னால் குடையோடு வெகுநேரம் நின்றார். அடுத்த நாள் அவர் வீட்டிலிருந்து அடிகளுக்கு ஒரு சீப்பு மலைப்பழம் வந்தது.

அம்மாசி மட்டும் மாறவில்லை. சாம்பாரில் அதே ஒரு கல் உப்பு.

நாள் குறையக் குறைய தில்லைநாயகத்துக்கு வேறொரு பயம் வந்தது. அடிகள் அந்தக் கவரின் பக்கமே போகவில்லை. ஒருவேளை மறந்துவிட்டாரோ. வெறும் சீட்டு சபையில் வெளியே வந்தால் வைத்தியநாதனின் வக்கீல் அன்றைக்கே தடை உத்தரவு வாங்கிவிடுவார். மறுபடி பதினோரு வருடம். சொல்லலாம் என்றால், எப்படித் தெரியும் என்று அடிகள் கேட்பார்.

மூன்றாவது வழியும் அவருக்குத் தோன்றாமல் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடிகளின் கையெழுத்தை மூன்று நாள் எழுதிப் பழகினார். நன்றாகவே வந்தது. நாற்பத்தாறாம் நாள் மதியம் பேனாவோடு மாடத்துக்குப் போனார். சீட்டை விரித்தார். மஞ்சள் புள்ளி அவரைப் பார்த்தது. அது பிந்து என்று அவருக்கு அப்போது பட்டது. எல்லாவற்றுக்கும் முந்தியது, எல்லாவற்றையும் பார்ப்பது. குருநாதர் காரணமில்லாமலா வைத்திருப்பார்? பேனாவை மூடிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கும் அடுத்த நாளும் அந்தப் புள்ளியையே தியானம் செய்தார்.

தைப்பூசத்தன்று காலை அடிகள் துணிப்பையில் இரண்டு வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது தில்லைநாயகம் உள்ளே போனார்.

"சாமி, அந்தச் சீட்டுல பேர் இல்லை."

"எப்படித் தெரியும்?"

தில்லைநாயகம் கீழே பார்த்தார். "திறந்தேன்."

"சிரமமா இருந்துச்சா?"

"இல்லை, சாமி. கட்டைவிரல் பட்டாலே போதும்."

"அதைக் கேக்கலை. இதை வந்து சொல்றதைக் கேட்டேன்."

"ஒன்பதாம் நாள் பார்த்தேன்," என்றார் தில்லைநாயகம்.

அடிகள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "முப்பத்தொன்பது நாள்," என்றார். "அப்போ கவர்ல குறை ஒண்ணும் இல்லை."

பிறகு வேட்டியை மடித்தபடியே மீதியைச் சொன்னார். கவரை மாடத்தில் வைத்த அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள், அம்மாசி மடைப்பள்ளியிலிருந்து நேராக வந்திருக்கிறார். சாமி, உள்ளே என்ன இருக்குன்னு ஆசையா இருந்துச்சு, திறந்துட்டேன், ஒண்ணுமே இல்லையே, எழுத மறந்துட்டீங்களா என்று கேட்டிருக்கிறார். அப்படியானால் உன் பெயரையே எழுதிவிடட்டுமா என்று அடிகள் கேட்டதற்கு, அடுப்பில் பருப்பு கிடக்கிறது, எனக்கு எதற்கு இந்தத் தொல்லை, அடுத்து எவன் வந்து சொல்கிறானோ அவன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அடுத்த ஆளுக்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன்."

தில்லைநாயகம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சாமி, அந்த மஞ்சள் புள்ளி? நான் பிந்துன்னு..."

"அம்மாசியோட கட்டைவிரல். அன்னைக்குப் பூசணிக்காய் சாம்பார்."

அடிகள் மாடத்திலிருந்து கவரை எடுத்துவரச் சொன்னார். சீட்டில் எழுதி, உள்ளே வைத்து, அழுத்தி மூடினார்.

சபை கூடியது. வைத்தியநாதனின் வக்கீல் கவரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். இவ்வளவு சுலபமாகத் திறக்கிற கவர் நாற்பத்தெட்டு நாள் பூட்டில்லாத இடத்தில் இருந்திருக்கிறது, யாரும் திறக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"திறந்தவங்க கையைத் தூக்குங்க," என்றார் அடிகள்.

மடைப்பள்ளி வாசலில் கரண்டியோடு ஒரு கை உடனே உயர்ந்தது. பிறகு தில்லைநாயகம் தூக்கினார். கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிவக்கொழுந்து, காதைச் சொறிகிற மாதிரி, பாதி தூக்கினார். பின்வரிசையில் இரண்டு கைகள். கடைசியாக வக்கீலுக்குப் பக்கத்திலேயே ஒரு குடை மெதுவாக மேலே போனது.

வக்கீல் தன் கட்சிக்காரரைப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டார்.

வைத்தியநாதனையே கூப்பிட்டுக் கவரைத் திறக்கச் சொன்னார் அடிகள். பாக்குவெட்டி தேவைப்படவில்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை. அவர் சீட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பெயரை வாசித்தார். முழுப் பெயர். நடுவில் எதுவும் ஒட்டவில்லை. ஊரில் ஒரே ஒரு தில்லைநாயகம்தான்.

பந்தி முடிந்தது. உப்பு அதே அளவுதான். அடிகள் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். புதிய தலைவர் பின்னாலேயே வந்தார்.

"சாமி, பன்னிரண்டு வருஷம் கழிச்சு நான் எழுதி வைக்கணும். கொஞ்சம் அழுத்தமா திறக்கிற கவரா ஒண்ணு செஞ்சிடட்டுமா?"

அடிகள் செருப்பு போடாத காலைத் தெருவில் வைத்தார்.

"கவர் இதே இருக்கட்டும். சமையலுக்கு வேற ஆள் வைக்காதீங்க."