பொன்னுரங்கத்தின் மாதிரிக் கடிதம்

"கயிறு போடறேன், பிடிக்க மாட்டேங்கறாங்கம்மா. நான் என்னதான் பண்ணட்டும்?"

செருப்பைக் கழற்றும்போதே பொன்னுரங்கம் இப்படித்தான் ஆரம்பித்தார். கும்பிடுகூடப் போடவில்லை.

தலைமையாசிரியர் சங்கத்துக்கு மாவட்டச் செயலாளர் அவர். வயது ஐம்பத்தேழு. பதினோரு வருஷமாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார். மாவட்டத்தில் எந்த ஹெச்.எம்.முக்கு எந்தத் தொல்லை வந்தாலும் முதல் போன் இவருக்குத்தான். நல்ல மனுஷர். குரல்தான் கொஞ்சம் பெரிசு, மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும்.

குன்றடி மடத்து அம்மாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. தன்னைவிட இத்தனை இளையவரிடம் போய், ஞாயிறு தவறாமல் தரையில் உட்கார்ந்து யோசனை கேட்கிறாரே என்று சங்கத்திலேயே சிலர் கேலி பேசுவார்கள். பேசட்டுமே! பொன்னுரங்கம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆளா?

அந்த மடத்தில் விதி என்று ஒன்றே ஒன்றுதான். அம்மாவை யாரும் தொடக் கூடாது. கால்கூடத் தொட்டுக் கும்பிடக் கூடாது.

அம்மா பாயில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குக் கயிறு, வாத்தியாரே?"

"கீழ்ச்சாத்தனூர் ஹைஸ்கூல் ஹெச்.எம்.முக்குங்க. மரகதவல்லி டீச்சர்."

"என்ன செஞ்சாங்க?"

"பூட்டுப் போட்டாங்க."

"எதுக்கு?"

"பழைய கட்டடத்துக்குத்தானுங்க. ஓடு போட்ட கட்டடம், உத்தரமெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. மூணு தடவை மேல எழுதிப் போட்டாங்க, பதிலே வரல. போன மாசம் மழை பெஞ்சதில்ல? ராத்திரியோட ராத்திரியா உத்தரத்துல ஒரு துண்டு முறிஞ்சு பெஞ்சு மேல விழுந்து கிடந்திருக்கு. காலையில வந்து பார்த்தாங்க. யாரையும் கேக்கல. பூட்டைப் போட்டுட்டாங்க. பிள்ளைங்களைப் புங்க மரத்தடியில உக்கார வச்சுப் பாடம் நடத்திட்டாங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதானுங்க! அதை எவனோ வீடியோ எடுத்து விட்டுட்டான். டி.வி.யில வந்துருச்சு. ஆபீஸ்ல எல்லாருக்கும் மூக்குக்கு மேல கோபம். அனுமதியில்லாம வகுப்பறையைப் பூட்டினதுக்கும் துறைக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்ததுக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்துருச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்கு முதன்மைக் கல்வி அதிகாரி, சி.இ.ஓ. முன்னாடி நிக்கணும். பதில் சரியில்லைன்னா சஸ்பென்ஷன்."

"நீங்க போட்ட கயிறு எது?"

பொன்னுரங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

இந்தத் தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சங்கத்தின் மாதிரிக் கடிதம். மெமோ வாங்கிய எந்தத் தலைமையாசிரியருக்கும் பொருந்தும். பெயரும் பள்ளியும் தேதியும் மட்டும் காலியாக இருக்கும். நிரப்பி, கையெழுத்துப் போட்டு நீட்டினால் ஆபீஸ் குளிர்ந்துவிடும். மதிய உணவில் குறையா, தேர்ச்சி விகிதம் இறங்கிவிட்டதா, அமைச்சர் வந்த நாளில் லீவா, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே மருந்து. பொன்னுரங்கத்தின் பையில் எப்போதும் பத்துப் பிரதி கிடக்கும்.

"இதுல நூத்துப் பன்னண்டு பேரைக் காப்பாத்தியிருக்கேங்கம்மா. ஒருத்தருக்குக்கூடத் தண்டனை கிடையாது. இந்த அம்மணி என்னடான்னா, கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. ரெண்டு வரி படிச்சாங்க, திருப்பிக் குடுத்துட்டாங்க. இதுல கையெழுத்துப் போடறதுக்கு ஹெச்.எம். பதவியே வேணாம், பழையபடி கணக்கு டீச்சராவே போயிடறேன்னு எழுதி வச்சிருக்காங்க. நாளைக்கு அதைக் குடுத்துட்டா அவ்வளவுதான். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ங்க! இப்படி ஒரு ஹெச்.எம். அந்த ஊருக்கு இனிமேல் கிடைப்பாங்களா?"

பொய்யில்லை, அந்த டீச்சர் மேல் அவருக்கு அத்தனை மதிப்பு.

"பிடிவாதம்மா. சுத்தப் பிடிவாதம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

அம்மா இன்னொரு காயை எடுக்கக் கையை நீட்டினார்.

பொன்னுரங்கம் பார்த்துவிட்டார். கூடைக்குப் பக்கத்தில், விறகுக் கட்டிலிருந்து இறங்கி வந்த தேள். கருந்தேள், கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மாவின் விரலுக்கும் அதற்கும் நடுவில் நாலு அங்குலம்கூட இல்லை.

ஒரே பாய்ச்சல். மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அம்மா பாயோடு சரிந்தார். கூடை கவிழ்ந்து அவரைக்காய் கூடமெல்லாம் சிதறியது.

சமையல்கட்டிலிருந்து ராக்கியக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். தேளை முறத்தில் தள்ளிக் கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டுத் திரும்பினாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"ஐயையோ! அம்மாவைத் தொட்டுட்டீங்களே!"

பொன்னுரங்கம் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

அம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"விதி விதிதான் வாத்தியாரே. எழுதிக் குடுத்துருங்க."

"என்னதுங்கம்மா?"

"அனுமதி இல்லாமத் தொட்டுட்டேன்னு. உங்ககிட்டத்தான் தாள் தயாரா இருக்குதே. அதுலயே எழுதுங்க."

விளையாடுகிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா? அந்த முகத்தில் என்னத்தைக் கண்டுபிடிப்பது! குரு கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். பொன்னுரங்கம் தாளை முழங்காலில் வைத்துப் பெயரை எழுதினார். பள்ளி என்ற இடத்தில் குன்றடி மடம் என்று போட்டார். தேதி போட்டார்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. சத்தமாப் படிங்க, ராக்கியக்காவும் கேக்கட்டும்."

"மேற்படி செயல் எனது கவனக்குறைவால் நிகழ்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்..."

அந்த இடத்திலேயே குரல் கொஞ்சம் இறங்கியது. கவனக்குறைவா? கவனமாக இருந்ததால்தானே இழுத்தார்?

"ம். மேல."

"அதற்காக மனமார வருந்துகிறேன். இனி இவ்வாறு நிகழாது என உறுதியளிக்கிறேன்."

பேனா தாளைத் தொடவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அம்மா, மன்னிச்சுக்குங்கன்னு நூறு தடவை வேணா எழுதறேன். இந்த வரிக்குக் கீழ எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"உங்க கடிதம்தானே? நூத்துப் பன்னண்டு பேர் போட்டது."

"அதுக்காக?" அவர் குரல் கூரையில் முட்டியது. "நாளைக்குத் தேள் வந்தா நாளைக்கும் இழுக்கத்தானே செய்வேன்!"

சொல்லிவிட்டு வாயை மூடவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார். இந்தக் கடிதத்தையா அந்த டீச்சரிடம் நீட்டினேன்! அதுவும் மூன்று தடவை. வீட்டுக்கே போய்.

அம்மா பாயைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"அவரைக்காயைப் பொறுக்குங்க வாத்தியாரே. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

மாவட்டச் செயலாளர் தவழ்ந்து தவழ்ந்து ஒரு காய் விடாமல் பொறுக்கினார். சாப்பிட நிற்கவில்லை. ராக்கியக்கா கூப்பிடக் கூப்பிடச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கீழ்ச்சாத்தனூரில் மரகதவல்லி டீச்சர் கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"மறுபடியும் அந்தத் தாளா சார்?"

"இல்லீங்க டீச்சர். ஒரு கேள்வி மட்டும். அந்தக் கட்டடத்தை மறுபடியும் பூட்டச் சொன்னா பூட்டுவீங்களா?"

"யாரும் சொல்லலைன்னாலும் பூட்டுவேன்."

"அது போதுங்க. நாளைக்கு வாங்க. பதவியைத் திருப்பிக் குடுக்கற எண்ணத்தை மட்டும் பதினோரு மணி வரைக்கும் தள்ளி வைங்க. இத்தனை நாள் உங்களுக்காகப் பேசறேன்னு சொல்லிட்டு ஆபீசுக்காகப் பேசியிருக்கேன். மன்னிச்சுக்குங்க."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கப் பொன்னுரங்கம் போனில்தான் இருந்தார். சங்கத்தில் வழக்கமாக மனு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். முந்நூறு கையெழுத்து, ஒரு உறை, ஆபீஸில் ஒரு மூலை. இந்தத் தடவை கையெழுத்தே வேண்டாம் என்றுவிட்டார்.

"ஆள் வரணும். தற்செயல் விடுப்பு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"வந்தா நமக்கும் மெமோ வருமே சார்?"

"வரும். வந்தா என்ன? எனக்கும்தான் வரும். சேர்ந்து வாங்கிக்குவோம்!"

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு சி.இ.ஓ. ஆபீஸ் வராந்தாவில் இருபத்து மூன்று தலைமையாசிரியர்கள் நின்றார்கள். கோஷமில்லை, கொடியில்லை. எல்லாரும் இஸ்திரி போட்ட உடையில், பள்ளிக்கூடத்துக்கு வருகிற மாதிரியே வந்திருந்தார்கள். வாசலில் நிற்கிற டவாலிக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பொன்னுரங்கமும் மரகதவல்லி டீச்சரும் உள்ளே போனார்கள்.

சி.இ.ஓ. நிமிராமலே கையை நீட்டினார்.

"வருத்தக் கடிதம் குடுங்க. முடிச்சுடலாம்."

"கடிதம் இல்லீங்க சார்," என்றார் பொன்னுரங்கம்.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"என்ன செயலாளர் சார், புதுசா இருக்கு? எப்பவும் நீங்கதானே கொண்டு வருவீங்க?"

"இந்தத் தடவை வருத்தம் இல்லீங்க சார். அதனால கடிதமும் இல்லை."

"அப்ப முறைப்படி விசாரணை வைக்க வேண்டியிருக்கும். அது டீச்சருக்கு நல்லதில்லை, தெரியுமில்ல?"

"வைங்க சார். வரவேற்கிறோம். ஒரே ஒரு கோரிக்கை."

"சொல்லுங்க."

"விசாரணையை அந்தக் கட்டடத்துக்குள்ளயே வச்சுக்கலாம். டீச்சர் சாவி கொண்டு வருவாங்க. நீங்க நடு பெஞ்சுல உக்காருங்க, எதிர்ல டீச்சர் உக்காருவாங்க. வெளிய இருக்கற இருபத்து மூணு பேரும் சுத்தி உக்காந்துக்கறோம். காலையிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கற வரைக்கும், ஒரு பள்ளிக்கூட நாள் முழுக்க உக்காந்து பேசி முடிச்சுடலாம்."

சி.இ.ஓ. எதிரே இருந்த கோப்பைத் திறந்தார். முறிந்த உத்தரத்தின் போட்டோ மேலாகவே இருந்தது. மின்விசிறிக் காற்றில் அது லேசாகப் படபடத்தது. பார்த்துவிட்டுக் கோப்பைத் தள்ளிவிட்டார்.

"விளையாடறீங்களா? மழை வேற பெஞ்சுக்கிட்டிருக்கு. அந்தக் கூரைக்கு அடியில எவன்யா உக்காருவான்?"

மரகதவல்லி டீச்சர் அதுவரை வாயே திறக்கவில்லை.

"நாற்பத்தோரு பிள்ளைங்க உக்காந்திருந்தாங்க சார்," என்றார்.