சாப்பாடு என்றொரு நாய்க்குட்டி

கோணக்குளத்து ஏகாம்பரத்துக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. அதைச் செலவழிக்கத்தான் அவருக்கு மனசு வரவில்லை. மனைவி பவளக்கொடியும் தம்பி திருமேனியும் அவரைவிடச் சிக்கனம். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சவரிமுத்து. மடியில் விட்டதும் குட்டி ஏகாம்பரத்தின் வேட்டியைக் கவ்வியபடியே தூங்கிப்போனது. அவர் வேட்டியை இழுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

"நல்லாக் கேட்டுக்கங்க அண்ணே," என்றார் கம்பவுண்டர். "கூப்பிட்டதும் ஓடி வர்ற மாதிரி ஒரு பேர் வைங்க. கண்ட இடத்துல ஒண்ணுக்கு இருக்க விடாதீங்க. உட்காருன்னு சொல்லி, உட்கார்ந்தா ஒரு பிஸ்கட் குடுங்க. ஞாயித்துக்கிழமை வருவேன். பழக்காம வச்சிருந்தீங்க, தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவர் தலை மறைந்ததும் மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"ராசான்னு வைக்கலாமாங்க?" என்றாள் பவளக்கொடி.

"எதிர்வீட்டு ராசாவைக் கூப்பிட்டா என்னைக்காவது ஓடி வந்திருக்கானா அண்ணி? திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்," என்றான் திருமேனி.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நம்ம வீட்டுல எதைச் சொன்னா எல்லாரும் ஓடி வர்றோம்?"

"சாப்பாடு!"

பேர் வைத்தாயிற்று. ஏகாம்பரம் வாசலில் நின்று, "சாப்பாடு! சாப்பாடு!" என்று கூவினார். திருமேனி தட்டோடு ஓடி வந்தான். அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் கை கழுவிக்கொண்டே வந்தார்கள். குட்டி அவர் காலடியிலேயே நின்றிருந்தது.

"பார்த்தியா, கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு!" என்று பூரித்துப் போனார்.

அடுத்தது கண்ட இடம். கண்ட இடம் என்றால் கண்ணால் கண்ட இடம். அங்கே போகக்கூடாது. ஆகவே வீட்டில் யாரும் காணாத இடம் ஒன்று வேண்டும். நெல் கொட்டும் பத்தாயத்துக்குப் பின்னால் ஒன்று இருந்தது. திருமேனி எட்டிப் பார்த்து, "இதோ இருக்கு!" என்றான்.

"கெடுத்தியேடா! பார்த்துட்டியே!"

கட்டிலுக்கு அடியில், அம்மிக்குப் பக்கத்தில், கோழிக்கூட்டுக்குள்ளே என்று தேடினார்கள். கண்டுபிடித்த இடமெல்லாம் அந்த நிமிஷமே கண்ட இடமாகிப் போனது. கடைசியில் பவளக்கொடிதான் வழி சொன்னாள். குட்டி தரையை மோந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடிக்கடி, "மூடு! மூடு!" என்று ஒரு குரல் கேட்கும்.

"அண்ணே, ஈரமா எதையோ மிதிச்சுட்டேன்."

"பார்த்தியா?"

"பார்க்கலண்ணே."

"அப்ப சரி."

உட்கார வைப்பதில் மட்டும் சிரமமே இல்லை. ஏகாம்பரம், "உட்கார்!" என்றார். திருமேனி உட்கார்ந்தான். சொன்ன சொல் தவறக்கூடாது என்று அவனுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். அதைப் பார்த்த பவளக்கொடியும் உட்கார்ந்தாள். பிறகு திருமேனி சொல்ல, ஏகாம்பரம் உட்கார்ந்தார். குட்டி இவர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, கீழே விழுந்த தூளை நக்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏகாம்பரம் நின்றபடி பல் விளக்கிக்கொண்டிருந்தார். குட்டி அவர் பாதத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனசில்லை. வாயில் வேப்பங்குச்சியோடு வெயில் உச்சிக்கு ஏறும்வரை அசையாமல் நின்றார். கம்பவுண்டர் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் முட்டியது.

கம்பவுண்டர் வந்தார். கையில் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு குட்டியைப் பார்த்து, "உட்கார்!" என்று அதட்டினார்.

ஏகாம்பரம், பவளக்கொடி, திருமேனி மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த குட்டி, நமக்கென்ன என்று கடைசியில் தானும் உட்கார்ந்தது.

கம்பவுண்டர் நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். "குட்டி இங்கேயே இருக்கட்டும். இது உங்களோடதான் ஒத்துப்போகும். 'நாய் ஜாக்கிரதை'ன்னு ஒரு போர்டு மட்டும் மாட்டிடுங்க," என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

போர்டு வந்தது. ஏகாம்பரம் அதை உரக்கப் படித்தார். "நாய், ஜாக்கிரதை! பாவம், நம்ம குட்டியத்தான் ஜாக்கிரதையா இருக்கச் சொல்றாரு." குட்டியின் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மாட்டினார்கள். குட்டி அதை மோந்துவிட்டுப் போய்விட்டது.

"அதுக்குப் படிக்கத் தெரியாதேங்க!" என்று பதறினாள் பவளக்கொடி.

மறுநாளே குட்டியைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார் ஏகாம்பரம். பெரிய டீச்சர் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடியை மேஜை இழுப்பறைக்குள் துழாவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"பிள்ளை பேரு?"

"சாப்பாடுங்க."

"அது மத்தியானம்தான். வயசு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப கையைத் தலைக்கு மேல கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லுங்க. தொட்டாத்தான் ஒண்ணாங்கிளாஸ்."

ஏகாம்பரம் குட்டியைக் கீழே விட்டார். அது தலையைச் சாய்த்து, பின்னங்காலைத் தூக்கி, காதைப் பரபரவென்று சொறிந்தது.

"டீச்சர்!" என்று ஆனந்தத்தில் அலறினார் அவர். "ஊர்ப் பிள்ளைங்க கையால தொடுறதுக்கே அஞ்சு வருசம் ஆகுது, எங்க பையன் காலாலயே தொட்டுட்டான்! நேரா மூணாங்கிளாஸ்ல போட்டுருங்க!"