மட்டிப்பழக் கேக்

குரு என்றால் சீடனைவிட மூத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? மார்த்தாண்டத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற பெனிலாவுக்கு வந்து வாய்த்த சீடருக்கு அவளைவிட இரண்டு மடங்கு வயது. பக்கத்து வீட்டு ராஜையன். குக்கரில் சோறு வைப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர், அதுவும் இந்த ஒரு மாதமாகத்தான்.

"மக்களே, எனக்கு அந்த மட்டிப்பழக் கேக்கைச் சொல்லித்தா."

"திடீர்னு என்ன மாமா?"

"நாளைக்குத் தூத்துக்குடி போறேன். உங்க அத்தையைக் கூப்பிட."

மனைவி கமலாபாய் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பையை எடுத்தாள், போனாள். எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டால் "பார்ப்போம்" என்கிறாள். வராமலே இருந்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம்.

"அவளுக்கு அந்தக் கேக் பிடிக்கும்ணு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றார்.

பெனிலா அவர் வீட்டு அடுக்களைக்கே வந்தாள். மட்டி வாழைப்பழத்தைக் கையால் பிசையச் சொன்னாள். முட்டை, சர்க்கரை, எண்ணெய், மைதா. மனிதர் மூக்கில் மாவு ஒட்டியதுகூடத் தெரியாமல் கலக்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது. குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேக் பாத்திரத்தை உள்ளே வைத்தார்கள்.

"எத்தனை விசில்?"

அவள் மூடியிலிருந்து வெயிட்டையும் ரப்பரையும் கழற்றி ஜன்னலில் வைத்தாள்.

"இதுல விசில் வராது மாமா. வாசம்தான் வரும். பக்கத்துலேயே நில்லுங்க."

அவள் போனபின் கொஞ்ச நேரம் நின்றார். குக்கர் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதற்கு எதற்குக் காவல் என்று முன்னறைக்குப் போய்ப் பேப்பரை விரித்தார். வெந்தால் குக்கர் கூப்பிடும் என்பது அவருக்கு ஊறிப்போன நினைப்பு.

கருகிய வாசம் அடுக்களை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் போயிற்று. பெனிலா ஓடிவந்து அடுப்பை அணைத்து, கேக்கைத் தட்டில் கவிழ்த்தாள். அடிப்பக்கம் முழுக்கக் கரி.

ராஜையன் கரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் உள்ளேயே கிடந்து கருகியிருக்கு, பாரு மக்களே. ஒரு சத்தம் கொடுத்திருந்தா நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?"

பெனிலா கத்தியை எடுத்துக் கரியை மெல்லச் சுரண்டினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பிரியமாகக் கேட்டாள்:

"கேக்கைத்தானே சொல்றீங்க, மாமா?"