துடைப்பத்தில் மிஞ்சியது

ஊதுபத்தி செய்யக் கற்றுக்கொள்ள வந்தபோது அம்பலவாணனுக்கு ஐம்பத்தாறு வயது. குரு தையல்நாயகிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இதைச் சொல்லித் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. அம்பலவாணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முப்பது வருஷம் தபால் ஆபீஸில் கடிதம் பிரித்தவர். எந்த ஊர்க் கடிதம் எந்தக் கட்டத்தில் விழவேண்டும் என்று கை தானாகப் போகும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு குரு வாய்த்ததுதான் வேடிக்கை.

தையல்நாயகியின் வேலை அறையில் கால் வைக்க இடம் இருக்காது. சந்தனத்தூள் ஒரு மூலை, வெட்டிவேர் ஒரு மூலை, மூடாத டப்பாவில் அகில், பாய்க்கு அடியில் எப்போதோ காய்ந்துபோன தவனக் கொழுந்து. டீ குடித்த டம்ளர் பசைமாவு மேலேயே உட்கார்ந்திருக்கும்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. குரு அதுவரை முகர்ந்தறியாத ஒரு மணத்தைச் சீடர் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் அன்றைக்கே தனிக்கடை போடலாம். அதுவரை குருவின் பத்தியைத்தான் உருட்ட வேண்டும்.

மூன்று வருஷத்தில் அம்பலவாணன் பதினான்கு பத்தி கொண்டுவந்தார். தையல்நாயகி ஒவ்வொன்றையும் ஏற்றி முகர்ந்துவிட்டு, இது எங்கப்பாவோடது, ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்பார். இல்லையென்றால், போன மார்கழியில் நான் செய்தது என்பார். பதினான்காவது முறையும் அதுதான் நடந்தது. இந்த வயதில் இனி எத்தனை வருஷம் கையில் இருக்கிறது என்ற பயம் அம்பலவாணனுக்கு வந்துவிட்டது.

"அம்மா, புது மணம் எங்கேருந்துதான் வருது?" என்று கேட்டார்.

தையல்நாயகி வெட்டிவேரை உதறிக்கொண்டே அறையைக் காட்டினார். "இங்கதான் எங்கயோ கிடக்குது. பாருங்க."

இந்தக் குப்பையில் எதைப் பார்ப்பது, எங்கே தேடுவது? முதலில் இதை ஒழுங்கு பண்ண வேண்டும் என்று அம்பலவாணன் முடிவு கட்டிவிட்டார்.

ஆயுத பூஜை நெருங்கியது. தையல்நாயகி தன் அண்ணன் வீட்டுக்குப் போனார், பூஜையன்று காலையில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு. பூஜைக்கு முன் வேலை செய்யும் இடத்தைச் சுத்தம் செய்வது ஊர்ப் பழக்கம்தானே. யாரும் குற்றம் சொல்ல முடியாது.

தும்மல் வராமலிருக்கத் துண்டால் மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாற்பது டப்பா வாங்கிவந்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினார். தூள்களைச் சலித்து அடைத்தார். பாயைத் தூக்கி, பலகையைச் சுரண்டி, இடுக்கெல்லாம் பெருக்கினார். ஒரு சாக்குக் குப்பை சேர்ந்தது. பிறகு குளித்தார். துண்டையும் சட்டையையும் துவைத்துக் காயப்போட்டார். மனதுக்கு நிறைவாக இருந்தது. கொல்லையில் சாக்கைக் கவிழ்த்துத் தீ வைத்தார்.

புகை எழுந்தது. அம்பலவாணன் அப்படியே நின்றுவிட்டார்.

புது நெல் கொட்டி வைத்த அறையில் யாரோ தாழம்பூவை மறந்துவிட்டுப் போனது மாதிரி ஒரு மணம். அதற்குமேல் வார்த்தை கிடைக்கவில்லை. தெருவில் போன பூக்காரி மாரிக்கண்ணு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இது என்ன வத்தி, எனக்கு ரெண்டு கட்டு எடுத்து வையுங்க என்று கேட்டாள்.

அவர் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினார். அதற்குள் எல்லாம் எரிந்துவிட்டது. ஈரச் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். சாம்பல் வாசனைதான் வந்தது.

மறுநாள் முழுக்க நாற்பது டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு தராசில் நிறுத்து நிறுத்துக் கலந்தார். எதுவும் கிட்டேகூட வரவில்லை.

பூஜையன்று காலையில் தையல்நாயகி வந்தார். அறை பளபளவென்று இருந்தது. டப்பாக்கள் வரிசையாக நின்றன. தராசு, பலகை, சல்லடை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. நடுவில் அம்பலவாணன் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மூன்று வருஷமாகத் தேடியதைத் தன் கையாலேயே கொளுத்திவிட்டதாகச் சொல்லி அழுதார்.

தையல்நாயகி டப்பாக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். இனிமேல் கண்ணைக் கட்டிவிட்டாலும் சாமான் எடுக்கலாம் போலிருக்கிறதே என்றார். கோபமா கிண்டலா என்று அம்பலவாணனுக்குப் புரியவில்லை.

"மூக்குல கட்டியிருந்த துண்டு எங்க?"

"துவைச்சுட்டேன்மா."

"சட்டை?"

"அதையும்தான்."

"துடைப்பம்?"

அம்பலவாணன் மூலையைப் பார்த்தார். துடைப்பம் அங்கேதான் நின்றது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார். துடைப்பத்தை யார் துவைப்பார்கள்?

தையல்நாயகி வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, துடைப்பத்தைக் கவிழ்த்துத் தட்டினார். இரண்டு சிட்டிகை தூசி விழுந்தது. "கொளுத்திடாதீங்க. உட்கார்ந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பொரி கலக்கப் போய்விட்டார்.

அம்பலவாணன் அன்று தொடங்கி நான்கு நாள் அந்தத் தாளை விட்டு நகரவில்லை. ஊசிமுனையால் ஒதுக்கி ஒதுக்கி முகர்ந்தார். அகில் இருந்தது, தவனம் இருந்தது. கூடவே டப்பாவில் இல்லாத சாமான்களும் இருந்தன. டீயில் தட்டிப் போட்ட ஏலக்காயின் தோல். கமலா ஆரஞ்சுத் தோல், சுக்காகக் காய்ந்தது. கணக்கெழுதும் பென்சிலைச் சீவிய சுருள். அடுப்பில் தீய்ந்த நாலு அரிசி. இதற்கெல்லாம் பெயர் எழுதி ஒட்ட அவருக்குத் தோன்றியே இருக்காது.

பிறகு அவர் பலகை முன் உட்கார்ந்தார். பென்சில் சீவினார். ஆரஞ்சு தின்று தோலை வெயிலில் போட்டார். ஒரு டப்பாவைத் திறந்தவர் மூட மறந்தார். பத்து நாளில் அறை பழைய கோலத்துக்கு வந்துவிட்டது. எட்டிப் பார்த்த மாரிக்கண்ணு, தபால்காரர் ஒழுங்கு பண்ணின அறையா இது என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் பதினைந்தாவது பத்தியைக் குருவின் முன்னால் ஏற்றினார். 

தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டார். பத்தி பாதிவரை எரிந்தது. 

"இது அந்த மணம் இல்லம்மா. எவ்வளவோ பார்த்தேன், வரல" என்றார் அம்பலவாணன்.

"அது போயிடுச்சு. இது யாரோடதுன்னு எனக்குத் தெரியல. உங்களோடதாத்தான் இருக்கணும்." தையல்நாயகி எழுந்து தன் தராசை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். "கடைக்கு வெச்சுக்கோங்க."

அம்பலவாணன் தராசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக வந்தது. வாசல்வரை போனவர் திரும்பினார். உறுத்தல் போகவில்லை.

"அன்னிக்கு நான் பெருக்கினது தப்புதானேம்மா?"

தையல்நாயகி மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, அதையும் அவரிடமே நீட்டினார்.

"பெருக்கினதுல தப்பில்லீங்க. மூக்கைக் கட்டிக்கிட்டுப் பெருக்கினீங்களே, அதுதான்."