தூங்கப் படித்த ராஜா

எப்போதோ ஒரு காலத்தில் மயிலோடை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டார். மகனின் படிப்புக்கென்று பெட்டி நிறையப் பொன் சேர்த்திருந்தார். ஆனால் குருநாதரோ, "என்னால் முடியாது சாமி!" என்று கையெடுத்துக் கும்பிட்டு இளவரசனைப் பாதிப் படிப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டியில் பாதிப் பொன் மிச்சம்.

"படிப்பைத் தவிர வேறெதற்கும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேனே! மிச்சத்தை என்ன செய்வது?" என்று ராஜா சபையில் கேட்டார்.

மந்திரி அழகநம்பிக்கு ஊர்ப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வந்தது. போன மழையில் அதன் கூரை பறந்துபோய், பிள்ளைகள் மாட்டுத் தொழுவத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். மந்திரியைக் கண்டாலே வயிறெரிகிற அரசவைக்காரர் அவர்.

"தாங்களே படிக்கலாமே, மன்னா! தூக்கக் கலை. நான் சொல்லித்தருகிறேன். மிச்சப் பொன் எனக்குக் குருதட்சிணை."

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றே சிம்மாசனம் போய்க் கட்டில் வந்தது. "இடப்பக்கம் புரளுங்கள்! குறட்டையில் சுருதி சேரவில்லை!" என்று ஏகாம்பரம் பாடம் நடத்தினார். வழக்குச் சொல்ல வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். நம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "பரீட்சை இல்லாத படிப்பு உண்டா, மன்னா? தேறினால்தானே தட்சிணை?" என்றார்.

"வை பரீட்சையை!" ராஜா போர்வையை இழுத்துக்கொண்டார்.

"மன்னா, தூங்குகிறீர்களா?"

"ஓ, நன்றாக!"

"தோற்றுவிட்டீர்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொரு தரம்!" என்று கண்ணை இறுக மூடினார்.

நம்பி உரக்கச் சொன்னார்: "மிச்சப் பொன்னை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறோம். மன்னருக்குச் சம்மதமில்லை என்றால் இப்போதே சொல்லலாம்."

ராஜாவின் இமை படபடத்தது.

"எழுந்திருங்கள், மன்னா! பொன் போகிறது!" என்று ஏகாம்பரம் அலறினார்.

"பரீட்சை நடக்கும்போது குருவே மாணவரை எழுப்பலாமா?" என்றார் நம்பி.

ராஜா இன்னும் பலமாகக் குறட்டை விட்டார். காவலர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள்.

"தேறிவிட்டீர்கள், மன்னா!"

ராஜா துள்ளியெழுந்தார். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பலே, நம்பி! சத்தியமும் பிழைத்தது, நானும் தேறினேன்!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

"என் தட்சிணை?" ஏகாம்பரம் முனகினார்.

"உத்தியோகமே தருகிறேன், ஓய்! பிள்ளைகள் போடும் சத்தத்தில் மாடுகளுக்குத் தூக்கமே இல்லையாம். கூரை வேய்ந்து முடியும்வரை போய் அவற்றுக்குச் சொல்லிக்கொடும்."

ஏகாம்பரம் தொழுவத்துக்குப் போனார். அவரைப் பார்த்ததும் ஒரு எருமை எழுந்து இடம் விட்டது.